மதுரையைவிடக் கிட்ட இருக்கு யாழ்ப்பாணம்!

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்னைக்குக் கிட்ட இருக்கிறது மதுரையா, யாழ்ப்பாணமா?

மேப்பைத் திறந்து பாருங்க. ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நேர்கோடு போட்டா மதுரை சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் சுமார் 355 தான். சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கு.

இந்த ரூட்ல ஓடுறது ஏடிஆர் 72, ப்ரொப்பெல்லர் வச்ச சின்ன விமானம். வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அப்போ முக்கால் மணி நேரத்துல போயிடணுமே? ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேலதான் போட்டிருக்கும். காரணம், அது பறக்குற நேரம் மட்டும் இல்ல. விமானம் இங்க நகர ஆரம்பிச்சதுல இருந்து, அங்க போய் நிக்கிற வரைக்குமான மொத்த நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவா இருக்கிறது எல்லாம் அதுல அடங்கும். தூரம் குறையக் குறைய இந்தப் பங்கு பெருசாத் தெரியும்.

இன்னொரு வசதி, ரெண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒண்ணுதான். டிக்கெட்ல இருக்கிற ரெண்டு நேரத்தையும் அப்படியே கழிச்சுப் பார்த்துக்கலாம்.

இது புது வழின்னு நினைக்காதீங்க. 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோனோட முதல் விமானம் கிளம்புச்சு. அது கொழும்பு ரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியா மதராசுக்குத்தான் வந்தது. அந்தக் காங்கேசன்துறை நிறுத்தம்தான் பலாலி, இன்னைக்கு யாழ்ப்பாணம் ஏர்போர்ட். பிறகு போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாச்சு. 2019 அக்டோபர்லதான் சர்வதேச விமான நிலையமாத் திறந்தாங்க. நவம்பர்ல சென்னை சேவை தொடங்குச்சு. கொரோனாவுல நின்னுபோய், 2022 டிசம்பர்ல மறுபடி வந்தது.

நேரடி விமானம் இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க? சென்னையில இருந்து கொழும்புக்குச் சுமார் 645 கிலோமீட்டர் பறக்கணும். அங்க இறங்கி, திரும்ப வடக்கே 350 கிலோமீட்டருக்கு மேல பஸ்லயோ ரயில்லயோ வரணும். யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர்ற கதை! 355 கிலோமீட்டர் பயணம், ஆயிரம் கிலோமீட்டர் ஆயிடுது. ஒரு பகலோ ஒரு இரவோ முழுசாப் போயிடும்.

யாழ்ப்பாணத்துல சொந்தம் உள்ளவங்க சென்னையில நிறையப் பேர் இருக்காங்க. ஒரு சாவுச் செய்தி வந்தா, முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க முடியுமா முடியாதாங்கிறதை இந்த வித்தியாசம்தான் முடிவு பண்ணும்.

அதனால ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு கேட்டா, கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க. கடலும் மாறல, நிலமும் மாறல. மாறினது வழி திறந்திருக்கா, மூடியிருக்காங்கிறது மட்டும்தான்.

போறதா இருந்தா, பாஸ்போர்ட், விசா அனுமதி எல்லாம் சரி பார்த்துட்டு, ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் போயிடுங்க. ஆமா, பறக்குற நேரத்தைவிட வரிசையில நிக்கிற நேரம்தான் அதிகம்!

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.