எங்கே நின்றது என்று பாருங்கள்



கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது ஒரு பழைய கணினியைக் கொண்டுவருகிறார். தங்கச்சிக்குச் சாதாரண தரப் பரீட்சை. தகவல் தொழில்நுட்பமும் ஒரு பாடம். புதிதாக விண்டோஸ் போட வேண்டும். இறுவட்டைச் செருகுகிறார்கள். பாதி வரை ஓடி நின்றுவிடுகிறது. மறுபடி போடுகிறார்கள், மறுபடியும் நிற்கிறது. "மெஷின் போய்விட்டது" என்று சொல்லி, கணினியைத் துணியால் மூடி மூலையில் வைத்துவிடுகிறார்கள். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களில் மட்டுமல்ல, மலையகம் முழுவதும் நடப்பதுதான் இது.

அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த உரை. கணினி எங்கே நிற்கிறது என்று கவனித்தால், கோளாறு எதில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நிற்கக்கூடிய இடங்கள் மூன்று: தொடங்கும்போதே நிற்கலாம், நடுவழியில் நிற்கலாம், எல்லாம் முடிந்த பிறகு நிற்கலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பழைய படங்களோ பாடக் குறிப்புகளோ அந்தக் கணினியில் இருந்தால், முதலில் அவற்றைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வன்தட்டை 'போர்மட்' செய்த பிறகு அவற்றை மீட்பது பெரும் பாடு.

முதலாவது, தொடங்கவே இல்லை. இறுவட்டைப் போட்டாலும் பழைய விண்டோஸே திறக்கிறது. அப்படியானால் கணினி முதலில் வன்தட்டைத்தான் பார்க்கிறது. மின்சாரம் போட்டவுடன் எஃப் 2, எஃப் 12, டிலீட் ஆகியவற்றில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லித் திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து போகும். அதன் வழியே உள்ளே போய், இறுவட்டு டிரைவை முதலாவதாக வையுங்கள். பிறகு, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சில விநாடிகளே நிற்கும். அழுத்தாவிட்டால் கணினி இறுவட்டை விட்டுவிட்டு வன்தட்டுக்குப் போய்விடும். வைத்த ஒழுங்கு மறுநாள் மறைந்து, திகதியும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால், மதர்போட்டில் உள்ள 2032 என்ற நாணய வடிவப் பெட்டரி தீர்ந்திருக்கிறது. அதைக் கையாலேயே மாற்றலாம்.

இறுவட்டை எழுதிய விதமும் காரணமாக இருக்கலாம். ஒரு சீடியிலிருந்தே கணினி தொடங்குவதற்கான பொது விதிமுறை 1995இல் வந்தது. அதன்படி, தொடக்கக் குறிப்பு இறுவட்டில் குறித்த ஓர் இடத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பாட்டுக் கோப்பைப் போடுவதுபோல அப்படியே பிரதி செய்தால் அந்தக் குறிப்பு உரிய இடத்தில் அமையாது. எழுதும் மென்பொருளில் 'இமேஜ்' என்ற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுவட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் தெரிந்தால் அது பிழையாக எழுதப்பட்டது.

இரண்டாவது, நடுவழியில் நிற்பது. அதிகம் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு சீடியில் தகவல் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரே சுருள் கோடாக எழுதப்பட்டிருக்கிறது. நேராக நீட்டினால் அது ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். சிறு கீறல் விழுந்தால், விடுபட்டதைக் கணித்து நிரப்பும் வசதி அதில் உண்டு. ஆனால் அந்தக் கோட்டின் போக்கிலேயே நீளமாகக் கீறல் விழுந்தால் அந்த வசதியால் சமாளிக்க முடியாது. அதனால்தான் இறுவட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சீடியில் தகவல் இருப்பது நாம் பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு மிக அருகில். அடிப்பக்கத்தில் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பிளாஸ்டிக் இருக்கிறது; மேலேயோ மெல்லிய பூச்சு மட்டும்தான். மேற்பக்கத்தில் கூர்மையான பேனையால் எழுதினால் இறுவட்டே பாழாகலாம்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. குளிரில் கிடந்த கணினியை அடுப்பெரியும் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே போட்டால், டிரைவின் சிறு வில்லையில் ஈரம் படியும். லேசருக்குத் தகவல் தெரியாது. மூடுபனி இறங்கும் மாதங்களில் இது சாதாரணம். கணினியை அந்த அறையிலேயே ஓரிரு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள்.

டிவிடியிலிருந்து விண்டோஸ் 7 போடும்போது, தேவையான டிரைவர் ஒன்று இல்லை என்று திரை கேட்பதுண்டு. பிள்ளைகள் அந்த டிரைவரைத் தேடி அலைகிறார்கள். பல வேளைகளில் குறை அந்த டிவிடியில்தான். அதிவேகத்தில் எழுதியிருப்பார்கள், குறைந்த வேகத்தில் வேறொன்றை எழுதினால் சரியாகிவிடும். 80070570 என்று முடியும் பிழை எண்ணும், ஒரு கோப்பைச் சரியாக வாசிக்க முடியவில்லை என்றுதான் சொல்கிறது.

நல்ல இறுவட்டிலும் நின்றால், முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வீதத்தில், அதே கோப்பில் நிற்கிறதா? அப்படியானால் இறுவட்டையோ டிரைவையோ சந்தேகியுங்கள். ஒரு முறை 20 வீதத்தில், மறுமுறை 60 வீதத்தில், இன்னொரு முறை நீலத்திரையோடு நிற்கிறதா? அப்போது மெமரியைச் சந்தேகியுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, மெமரித் துண்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை மென்மையான அழிறப்பரால் தேய்த்து, தூசியை நீக்கித் திரும்பச் செருகுங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரங்களில் இடியும் மின்னலும் வரும். கரண்டும் போய் வரும். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் வேலை முழுவதும் வீண். அந்தக் காலத்தில் காலையிலேயே தொடங்குங்கள்.

மூன்றாவது, எல்லாம் முடிந்த பிறகும் தொடங்காதது. சிலருக்கு முதலிலிருந்தே நிறுவல் திரும்பத் திரும்ப வருகிறது. மறுதொடக்கத்தின்போது மீண்டும் பொத்தானை அழுத்தியதுதான் காரணம். இறுவட்டை வெளியே எடுத்தால் போதும். தொடக்கத்திலேயே நிற்பதற்கு இன்னொரு காரணம், கணினிக்கும் இறுவட்டுக்கும் பொருத்தமில்லாமை: 64 பிட் இறுவட்டு 32 பிட் கணினியில் ஓடாது. 64 பிட் விண்டோஸ் 7க்கு 2 ஜிபி மெமரி வேண்டும்; 32 பிட்டுக்கு 1 ஜிபி போதும்.

அந்த விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதற்காகப் பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருக்கிறது, காசு கேட்காது. உபுண்டு லினக்ஸ் 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் இறுவட்டுகளைத் தபால் செலவுகூட வாங்காமல் வீடு தேடி அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. நம் நாட்டு ஆர்வலர்களும் ஃபெடோரா என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, கண்டி ஹந்தானை மலையின் பெயரால் ஒரு லினக்ஸை உருவாக்கினார்கள். லினக்ஸ் இறுவட்டுகள் பலவற்றில் ஒரு நல்ல வசதி உண்டு: வன்தட்டைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓடினால், குறை வன்தட்டிலோ பழைய விண்டோஸிலோ இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் திறக்காத கணினியிலிருந்து படங்களை எடுக்கவும் அதே வழி உதவும்.

நேயர்களே, ஒரு கொப்பியை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். எத்தனை வீதத்தில் நின்றது, திரை என்ன சொன்னது என்பதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு இறுவட்டு, வேறு டிரைவ், வேறு மெமரி என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குறை என்று தெரியாமலே போகும். இத்தனைக்கும் பிறகு தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ கணினியைச் சுமந்து போக நேர்ந்தாலும், அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தவரிடம் தேவையில்லாத செலவைச் சொல்வது எந்தக் கடையிலும் கடினம். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. அதைப் பழுதுபார்க்கும் அறிவும் நம் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.