ரப்பரால் அழித்த எண்



இன்று பட்டம் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இயற்பியலும் வேதியியலும் மின்னணுவியலும் படித்தவர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். அதனால் ஆய்வகத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் ஒரு கேள்வி. யாரும் கை தூக்க வேண்டாம். பிராக்டிகல் வகுப்பில் ஒரு ரீடிங்கைக்கூடச் 'சமைக்காமல்' ரெக்கார்டு நோட்டை முடித்தவர்கள் இங்கே எத்தனை பேர்?

நான் சமைத்திருக்கிறேன். தனி ஊசல் சோதனை. ஈர்ப்பு முடுக்கம் 980 என்று வர வேண்டும் என்பது ஊசலைக் கட்டுவதற்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னுடைய மூன்றாவது ரீடிங் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. ரப்பரை எடுத்து அழித்தேன், பொருந்துகிற ஓர் எண்ணை எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். அழித்த எண் என்ன என்று இன்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நூல் நழுவியிருக்கலாம், நான் அலைவை எண்ணத் தவறியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே மூடிவிட்டேன்.

என் பிற்கால வேலை முழுவதும் இரண்டு துறைகளைச் சுற்றியே அமைந்தது. ஒன்று, ஒளியைக் கொண்டு புற்றுநோயைத் தாக்கும் நானோ துகள்கள். மற்றொன்று, குறைகடத்திச் சாதனங்களில் தோன்றும் ஒழுங்கின்மை, அதாவது கேயாஸ். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்பார்கள். இரண்டுமே யாரோ ஒருவர் அழிக்காமல் விட்ட ரீடிங்கிலிருந்து பிறந்தவை. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்றொரு மருத்துவ மாணவர் இருந்தார். பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பரமேசியம் என்னும் ஒற்றைச்செல் உயிரை அக்ரிடின் சாயம் எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளப்பதுதான் வேலை. அதே சாயம், அதே செறிவு. ஒருநாள் அவை சீக்கிரம் மடிந்தன, இன்னொரு நாள் வெகுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ராப் அப்படிச் செய்யவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் வேறென்ன வித்தியாசம் என்று தேடினார். பிழைத்த நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்தது. சாயம் தனியாகக் கொல்லவில்லை, வெளிச்சமும் சேர்ந்தால்தான் கொல்கிறது. 1900-ல் அதை அச்சிட்டார். 1903-லேயே டாப்பைனர் குழு, ஈயோசின் சாயத்தைத் தடவி ஒளி பாய்ச்சித் தோல் கட்டிகளுக்குச் சிகிச்சை செய்து பார்த்தது.

ஒளியை விழுங்கிய சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் அருகில் எது இருந்தாலும் சிதைக்கிறது. அதற்கு ஆயுள் மிகக் குறைவு, ஒரு செல்லின் அகலத்தைக்கூட அதனால் கடக்க முடியாது. ஒளி எங்கே படுகிறதோ அங்கே மட்டும்தான் சேதம். அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டௌகர்ட்டி பல ஆண்டுகள் இதிலேயே உழைத்தார். ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து 1993-ல் கனடாவிலும், 1995-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதை ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெயில் படாமல் இருக்க வேண்டும். மருந்து தோலிலும் தங்கிவிடுவதே காரணம். வயலுக்கும் கட்டட வேலைக்கும் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்றிருக்கிற நம் மக்களுக்கு அந்த ஒரு மாதம் எவ்வளவு பெரிது என்பதை நான் எந்தக் கருத்தரங்கிலும் சொல்லத் தவறுவதில்லை.

இந்தத் துறைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் பெரியம்மா. வெற்றிலையோடு புகையிலை போடுவார். கன்னத்தின் உட்புறம் வந்த புண்ணைப் 'பல் கூர்' என்றே நெடுநாள் நினைத்திருந்தார். அறுவை சிகிச்சையில் தாடையின் ஒரு பகுதி போயிற்று. பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை. எங்கள் ஊரில் 'கரண்ட் வைக்கிறாங்க' என்பார்கள். கட்டி போய்விட்டது, அதோடு உமிழ்நீரும் போய்விட்டது. அதன்பின் அவர் ரசம் சாதத்தைக் கரைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அவரைக் காப்பாற்றிய மருத்துவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனாலும் கெட்டதை மட்டும் தொட்டு நல்லதை விட்டுவிடும் ஒரு வழி இருக்காதா என்ற ஏக்கம் எனக்கு அந்தச் சுவரோரத்தில்தான் பிடித்தது.

இனித் தங்கம். செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், விரல்கள் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் குடித்துவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. 650 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளிக்கு நம் உடல் ஓரளவு வழிவிடும், அதற்கு மேலே போனால் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கும். ஆகவே இந்த இடைவெளியில் உள்ள ஒளியைப் பிடித்து வெப்பமாக மாற்றும் ஒரு துகளைக் கட்டிக்குள் வைக்க முடிந்தால், தோலைச் சுடாமல் கட்டியைச் சுடலாம்.

மிகச்சிறு தங்க உருண்டைகளுக்கு அப்படியொரு குணம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் உயரப் போவதுபோல, சரியான நிற ஒளி பட்டால் தங்கத்தின் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் வெப்பமாகத் தணியும். மைக்கேல் ஃபாரடே 1857-ல் மாணிக்கச் சிவப்பான தங்கக் கரைசலைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் உரையாற்றினார். உப்பைச் சேர்த்தால் அது நீலமாகிறது என்பதையும் கவனித்துச் சொன்னார். சிக்கல் என்னவென்றால், சிவப்புக் கரைசல் உறிஞ்சுவது 520 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளியை. அது உடலுக்குள் போகாது.

என் ஆய்வகத்தில் ஒரு மாணவி வாராவாரம் சிவப்புத் தங்கக் கரைசல் தயாரிப்பாள். ஒரு திங்கட்கிழமை அது நீலமாக வந்தது. தொட்டியில் ஊற்றக் கையைத் தூக்கியவள், என்ன நினைத்தாளோ, நோட்டில் 'நீலம்' என்று எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். விசாரித்தோம். வடிநீர் தீர்ந்துபோனதால் குடுவையைப் போர் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். எங்கள் பகுதிப் போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். ஒட்டியிருந்த உப்பு, துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டது. உறிஞ்சும் நிறமாலையை எடுத்துப் பார்த்தால், அது சிவப்புக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்திருந்தது. நாங்கள் ஒரு வருடமாக எந்தத் திசையில் போக முயன்றோமோ அதே திசை. ஃபாரடே எழுதியதை நாங்கள் படித்துத்தான் இருந்தோம், ஆனால் எங்கள் குடுவையில் அது நடக்கும் வரை அதன் பொருள் எங்களுக்கு ஏறவில்லை.

கட்டியாகச் சேர்ந்த துகளை உடலுக்குள் அனுப்ப முடியாது. அதற்கு வேறு வழி கண்டவர் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹலாஸ். சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓட்டைப் போர்த்தினார். ஓடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு உறிஞ்சும் ஒளி அகச்சிவப்பின் பக்கம் நகரும். மொத்தம் ஏறத்தாழ 150 நானோமீட்டர் அகலம், ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்நூறு அடுக்கலாம். ஜெனிஃபர் வெஸ்ட்டும் அவரும் சேர்ந்து 2003-ல் இதைக் கட்டிகளில் சோதித்தார்கள். 2019-ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனையில், புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேருக்கு நானோ ஓடுகளைச் சிரைவழி ஏற்றி, பிறகு மெல்லிய ஒளியிழைகளைச் செருகி அகச்சிவப்பு லேசர் பாய்ச்சினார்கள். 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறியது. ஓராண்டுக்குப் பின் சுட்ட இடத்திலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது 13 பேரிடம் புற்று இல்லை. மூன்றாம் மாதத்தில் அந்த எண்ணிக்கை 9-ஆகத்தான் இருந்தது. அதையும் எழுதியிருக்கிறார்கள், மீதி இருவரையும் எழுதியிருக்கிறார்கள்.

இதைவிடக் கசப்பான எண் ஒன்று உண்டு. உடலில் ஏற்றிய நானோ துகள்கள் கட்டிக்குள் தாமாகவே போய்ச் சேரும், கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்தவை என்பதால் கசிந்து தங்கும் என்று 1986 முதல் நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தோம். நானும் எத்தனையோ மேடைகளில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 2016-ல் டொராண்டோவின் வாரன் சான் குழு, முந்தைய பத்தாண்டுகளில் வெளியான விலங்குச் சோதனைகளை எல்லாம் திரட்டிக் கணக்கிட்டது. ஏற்றிய அளவில் கட்டியைச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 விழுக்காடு. நூற்றில் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டி எடுத்துக்கொள்கின்றன.

அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. சிலர் கோபப்பட்டார்கள், கணக்கிட்ட முறையைக் குறை சொன்னார்கள். என் கருத்தில், அந்த ஆண்டு எங்கள் துறைக்கு வந்த மிகப் பெரிய உதவி அந்த எண்தான். கல்லீரல் ஏன் பிடிக்கிறது, இரத்தத்தில் இறங்கியதும் துகளின் மேல் எந்தப் புரதங்கள் போர்த்திக்கொள்கின்றன என்ற கேள்விகள் அதன்பிறகு முன்வரிசைக்கு வந்தன. சாயத்தைப் புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு கோர்த்து அனுப்பும் வேறொரு வழியும் வளர்ந்திருக்கிறது. அறுவைக்கு உட்படாத தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு ஜப்பான் 2020 செப்டம்பரில் அதற்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. சிவப்பு லேசர், 690 நானோமீட்டர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது.

லேசர் என்றேனே, மருத்துவமனையில் அந்த ஒளியைத் தருவது பெரும்பாலும் குறைகடத்தி லேசர். அங்கிருந்து என் இரண்டாவது துறை தொடங்குகிறது.

'தசாவதாரம்' படம் வந்த பிறகு 'கேயாஸ் தியரி' என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1961-ல் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போன கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். அதிகம் தெரியாத கதைகள் வேறு இருக்கின்றன. 1927-ல் நெதர்லாந்தின் ஃபான் டெர் போல், நியான் விளக்கு வைத்த ஒரு சுற்றைத் தொலைபேசிக் குழலில் கேட்டார். அலைவெண் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும் இடத்தில் ஒழுங்கற்ற இரைச்சல். அது முக்கியமல்ல என்று நினைத்தார். ஆனாலும் ஒரு வரி எழுதிவைத்தார். அந்த ஒரு வரிதான் பின்னால் வந்தவர்களுக்குத் தடயமாயிற்று. கியோட்டோவில் யோஷிசுகே உவேடா என்ற ஆய்வு மாணவர், 1961 நவம்பர் 27 அன்று தம் அனலாக் கணினி வரைந்த வரைபடம் ஒழுங்கில்லாமல் சிதறுவதைக் கண்டார். அதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதே பெரியவர்களின் எண்ணம். அவர் தாளைத் தூக்கிப் போடவில்லை. உலகம் அதைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் திருச்சிக்கும் இதில் பங்கு உண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லட்சுமணன் வளர்த்த நேரியலற்ற இயக்கவியல் மையத்தை உலகமே அறியும். அவரும் அவருடைய மாணவர் முரளியும் லியான் சுவாவோடு சேர்ந்து 1994-ல் ஒரு சுற்றை அமைத்தார்கள். ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, சுவா டயோடு, அவற்றை இயக்க ஒரு சைன் அலை. இவ்வளவுதான். டயோடு என்று பெயரே தவிர, அதை இரண்டு ஆப்-ஆம்ப், ஆறு மின்தடைகளை வைத்துக் கட்டிவிடலாம். ஒரு பிரெட்போர்டு போதும். சைன் அலையின் வீச்சை மெல்லக் கூட்டினால் ஆசிலோஸ்கோப்பில் ஒரு வளையம் இரண்டாகும், இரண்டு நான்காகும், பிறகு திரை முழுக்க ஒருபோதும் தன் மேலேயே திரும்பி விழாத நூல்கண்டு. சமன்பாட்டில் தற்செயல் எதுவும் இல்லை, ஆனாலும் அடுத்து எங்கே போகும் என்று நெடுநேரத்துக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் அதை முதலில் கண்டபோது ஒயர் லூசாகிவிட்டது என்று நினைத்து, அரைமணி நேரம் எல்லா இணைப்பையும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

குறைகடத்தி லேசருக்கும் இந்தக் குணம் உண்டு. அது உமிழ்ந்த ஒளியில் துளியளவு எங்கோ பட்டுத் திரும்பி உள்ளே நுழைந்தாலும் கட்டுப்பாடு இழந்து துடிக்கும். லாங், கோபயாஷி இருவரும் 1980-ல் அதற்குச் சமன்பாடு எழுதினார்கள். பொறியாளர்களுக்கு அது தொல்லை, ஒளி திரும்பாமல் தடுக்கச் சாதனம் வைத்தார்கள். வேறு சிலர் அந்தத் துடிப்பையே உற்றுப் பார்த்தார்கள். 2005-ல் ஏதென்ஸ் நகரில் தரைக்கடியில் ஏற்கெனவே ஓடிய 120 கிலோமீட்டர் ஒளியிழை வழியே, கேயாஸ் துடிப்புக்குள் செய்தியை ஒளித்து அனுப்பி மறுமுனையில் மீட்டார்கள். 2008-ல் ஜப்பானில் உச்சிடா குழு, துடிக்கும் இரண்டு லேசர்களிலிருந்து நொடிக்கு 170 கோடி பிட் என்ற வேகத்தில் சீரற்ற எண்களை எடுத்தது. ரகசியக் குறியீடுகளுக்கு அத்தகைய எண்கள் தேவை.

உங்களில் சிலர் ஆராய்ச்சிக்கு வருவீர்கள். பெரும்பாலோர் வர மாட்டீர்கள், அது குறையே அல்ல. ஒருவர் மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் உட்காருவார், ஒருவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒருவர் மென்பொருள் சோதனையில், ஒருவர் பள்ளி ஆய்வகத்தில் அடுத்த தலைமுறைக்கு ஊசல் கட்டிக் கொடுப்பார். மாதக் கடைசியில், இரவு ஏழு மணிக்கு, ஒத்துவராத ஓர் எண் உங்கள் முன் வரும். மேலதிகாரி அவசரப்படுத்துவார், பேருந்துக்கு நேரமாகியிருக்கும். அழித்தால் யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதான். அந்த எண்ணை நம்பி மாத்திரை விழுங்கப்போகும் ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரை நினைத்துக்கொண்டு, அந்த எண்ணையும் பக்கத்தில் தேதியையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். காரணத்தை மறுநாள் தேடலாம்.

அந்த நீலக் குடுவை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. தங்கம் அடியில் படிந்துவிட்டது, மேலே வெறும் தண்ணீர். 'நீலம்' என்று எழுதிய நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் எந்தச் சனிக்கிழமையும் வாருங்கள், பிரெட்போர்டும் தயாராக வைத்திருப்பேன். உங்களுக்கும் உங்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.