படைப் பட்டியலில் இல்லாத பெண்கள்



1918. முதல் உலகப்போரின் கடைசி ஆண்டு. பிரான்சில் லா ஃபோஷ் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படையின் 117-ஆம் தள மருத்துவமனை இருந்தது. அங்கே சேர்க்கப்பட்ட பலருக்கு உடம்பில் காயமே இல்லை. ஆனால் கை ஓயாமல் நடுங்கும். சிலருக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது. போர்முனை அவர்களை உள்ளுக்குள் உடைத்திருந்தது. ‘ஷெல் ஷாக்’ என்று அன்று பேசப்பட்ட நோய் அது.

அவர்களுக்காக வந்து சேர்ந்த பெண்கள் கையில் எடுத்தது பழைய தகர டப்பாக்களையும் பெட்டிப் பலகைகளையும். அதை வைத்தே ஒரு பட்டறை போட்டார்கள். நடுங்கும் கை தகரத்தை வெட்டியது, மரத்தை இழைத்தது. நோயாளி என்று படுத்துக் கிடந்தவர் ஒரு பொருளைச் செய்து முடித்தார்.

தொழில்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி, அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அதற்கான அமெரிக்கச் சங்கம் 1917 மார்ச்சில் உருவானது. மூன்றே வாரத்தில் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது.

லண்டனில் இன்னும் முன்பே தொடங்கிவிட்டார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ் ராணுவ மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் பட்டறைகளையே சிகிச்சைக் கூடமாக்கினார். அரியணை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் மானுவேல் அதற்குத் துணை நின்றார். விறைத்துப்போன முழங்கையை நூறு முறை மடக்கி நீட்டச் சொன்னால் யாருக்கும் சலித்துவிடும். இழைப்புளியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தள்ளும்போது கை நீளும், இழுக்கும்போது மடங்கும். பலகை வழவழப்பாகும்வரை அவர் விடமாட்டார்! இந்த நுட்பம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

அமெரிக்காவின் அந்தப் பெண்களுக்கு ‘மறுசீரமைப்பு உதவியாளர்கள்’ என்று பெயர். படையோடு கடல் கடந்து போனார்கள், ஆனால் ராணுவப் பதவி இல்லை. கணக்கில் வெறும் சிவிலியன் ஊழியர்கள். இரண்டாம் உலகப்போரிலும் இந்தத் துறையினரின் நிலை அதுதான். 1947-இல்தான் சட்டம் இயற்றி, ராணுவத்தில் அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண் சிகிச்சையாளர்களுக்கு அந்த வழி 1955-இல் திறந்தது.

முதல் போரில் போனவர்களோ இன்னும் காத்திருந்தார்கள். அவர்களும் முன்னாள் படையினரே என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1981 ஜூலையில். 1918-இல் 25 வயதில் கப்பலேறியவர் அன்று உயிரோடு இருந்திருந்தால், அவருக்கு 88 வயது.