இரு நகரும் நடுவே நம்மவரும்

தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்ரன் நகரும் எங்கள் யாழ்ப்பாணமும் 2016 ஒக்ரோபரில் இரட்டை நகரங்களாயின. எங்கள் தரப்பில் ஒப்பமிட்டவர் அப்போதைய வடமாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன். ஆயினும், அவ்வுறவுக்கு அத்திவாரமிட்டவர்கள் போர்க்காலத்தில் அங்கு சென்று குடியேறிய எம்மவரே என்பேன். இது எமக்கு மட்டும் உரிய கதையன்று. அதே கிங்ஸ்ரனின் நியூ மோல்டன் பகுதியில் கொரியர் திரளாக வாழ்கின்றனர். சியோல் மாநகரின் குவானாக் பகுதியும் கிங்ஸ்ரனுக்கு உறவூராயிற்று.

மேயர்கள் மாறுவர். கொண்டாட்டம் கொடுக்கல் வாங்கலைத் தொடர வேண்டியவர்கள் இக்குடியேறிகளின் பிள்ளைகள். அங்குள்ள என் பழைய மாணவர் சிலர், தம் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது என்கிறார்கள். நல்லூரிலிருந்து அப்பம்மா பேரனுக்கு எழுதும் கடிதத்தைத் தகப்பன்தான் வாசித்துச் சொல்கிறார். தகப்பனுக்குப் பின் யார் வாசிப்பார்?