காணாமல் போன கொத்தமல்லி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொழுதுபோக்காக ஆப் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நான் பட்ட பாட்டையே சொல்கிறேன்.

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியின் மளிகைச் சந்தை உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே கடை போடும் என் பெரியப்பாவுக்காக, சரக்கு இருப்பு பார்க்க ஒரு செல்போன் ஆப் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி அதில் ஏற்றினேன்.

ஒருநாள் பெரியப்பாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, நாலு மூட்டை கொத்தமல்லி இருக்குன்னு உன் ஆப் காட்டுது. கடையில ஒண்ணுதான் கெடக்குது. எனக்குப் பையன் மேலதான் சந்தேகம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாக வேலை பார்க்கிற பையன்!

ஆப்பை நீக்கி மறுபடி போட்டேன். போனை அணைத்துப் போட்டேன். பயனில்லை. பிறகுதான் நிதானம் வந்தது. ஒவ்வொரு சரக்காகத் தேடினேன். மிளகு, சீரகம், கடுகு சரியாக வந்தன. கொத்தமல்லியும் சோம்பும் மட்டும் தகராறு. இரண்டிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து!

குறியீட்டு எண்களை எடுத்துப் பார்த்தேன். போனில் தட்டிய 'கொ' 2965, 3018 என இரண்டு எண். மாற்றி ஏற்றிய பட்டியலில் 2965, 3014, 3006 என மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆப்புக்கு வேறு வேறு. இருப்பு ஒரு கொத்தமல்லியிலும், விற்பனை இன்னொரு கொத்தமல்லியிலும் ஏறியிருக்கிறது.

இரண்டும் சமம் என்றே யூனிகோடு சொல்கிறது. நாம் எழுதும் சாதாரண ஒப்பீடுதான் அதைக் கவனிப்பதில்லை. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எதிலும் ஒரு வரி வேலைதான். பழைய தகவலைத் திருத்துமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, கோளாறு வந்தால் பத்து இடத்தில் கை வைக்காதீர்கள். எது சரியாக வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அந்தப் பையனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்கண்ணா" என்றான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. நம் ஆப் சொல்வதை நாலு பேர் நம்புகிறார்கள். அடுத்தவர் மேல் பழி விழுமுன், நாம் எழுதிய வரிகளை நாமே சந்தேகப்படுவோம்.