எல்லாருக்கும் வருவதுதானே?



நம் வீடுகளில் பெண்களின் உடல்நலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும். "இது எல்லாருக்கும் வருவதுதானே, பிள்ளை" என்பதே அது. மாதவிடாய் வலியால் துடிக்கும் மகளுக்குத் தாய் அதனைச் சொல்லுவாள். கர்ப்பிணியான மருமகளுக்கு மாமி சொல்லுவாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பும் பெண்களும் பலர். சொல்லுவோரின் அன்பில் எமக்கு ஐயமில்லை. பல பிள்ளைகளைப் பெற்றெடுத்த மூதாட்டி ஒருத்தியின் ஆறுதல் மொழி செய்யும் நன்மையை மருந்துக் குப்பி செய்யாத வேளைகளும் உண்டு. ஆயினும் அவ்வாக்கியம் பொருந்தும் இடங்களும் உள. பொருந்தாத இடங்களும் உள. அவற்றை வேறுபடுத்தி அறியாமையால் இழக்கப்பட்ட உயிர்கள் கொஞ்சமல்ல.

முதலில் பொருந்தும் இடத்தைப் பார்ப்போம். கருவுற்ற ஆறாம் வாரமளவில் குமட்டலும் சத்தியும் தொடங்குவது பெரும்பான்மையான பெண்களுக்கு இயல்பு. சோறு வேகும் மணமே வெறுத்துப்போகும். மாங்காயும் புளியும் தேடும். நான்காம் மாதம் பிறக்குமுன் பெரும்பாலும் இது தணிந்துவிடும். சிறிது சிறிதாக அடிக்கடி உண்பதும், காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் உலர்ந்த விசுக்கோத்து ஒன்றைக் கடித்துக்கொள்வதும் போதுமானவை. ஆனால் குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து நிறம் கடுத்து, உடல் மெலியத் தொடங்கினால் அது மசக்கை என்ற எல்லையைக் கடந்துவிட்டது. அப்பெண்ணுக்கு நாளம் வழியாக நீரேற்ற வேண்டும். வீட்டுக் கசாயம் போதாது. வெள்ளைபடுதலும் இத்தகையதே. கர்ப்பகாலத்தில் அது சற்று மிகுதல் இயல்பு. நாற்றமோ அரிப்போ எரிவோ நிறமாற்றமோ சேர்ந்தால் மருந்து வேண்டும். அதற்கு எளிய மருந்துகள் உண்டு.

இனி, களைப்பு. "பிள்ளைத்தாய்ச்சி என்றால் களைப்பு வரத்தானே செய்யும்" என்று கூறி நாம் மிக எளிதாகக் கடந்துபோவது இதனைத்தான். கர்ப்பகாலத்தில் ஒரு பெண்ணின் இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி ஏறத்தாழ அரைப்பங்கு பெருகுகின்றது. செங்குருதிக் கலங்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகையால் இரத்தம் சிறிது நீர்த்துப்போதல் இயற்கையே. ஆயினும் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. படியேறும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், இமையின் உட்புறம் வெளிறுதல் ஆகியவை அதன் குறிகள். இதன் கேடு பிரசவ அறையிலேயே முழுமையாக வெளிப்படும். நல்ல இரத்தவளமுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை இரத்தசோகையுள்ளவள் தாங்கமாட்டாள்.

இக்குறை பெரும்பாலும் கருவுற்றபின் தோன்றியதன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கியது. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கொருமுறை துணி மாற்ற நேர்வதும், கட்டிகட்டியாக இரத்தம் போவதும் நோயின் அறிகுறிகள். கருப்பையில் வளரும் தசைக்கட்டியோ சுரப்பிக் கோளாறோ காரணமாயிருக்கலாம். ஆனால் எத்தனை பெண்கள் இதனை வெளியே சொல்லுகிறார்கள்? தாய்க்கும் அப்படித்தான், பெரியம்மாவுக்கும் அப்படித்தான் என்று கணக்குப் பார்த்து அமைதி கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தில் மூன்று பெண்களுக்கு ஒரே நோய் இருந்தால் அது நோயல்ல என்று ஆகிவிடுமா?

நமது தேநீர்ப் பழக்கத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. தேயிலை விளையும் நாட்டில் தேநீரைப் பழிப்பது பொல்லாத காரியம். நாமும் அதைப் பழிக்க வரவில்லை. ஆனால் உணவோடும், உணவு உண்ட கையோடும் அருந்தும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதவாறு தடுக்கின்றது. ஒரு மணி நேரமேனும் பொறுத்து அருந்தினால் அத்தடை பெரிதும் நீங்கும். முருங்கையிலை வறையில் தேசிக்காய்ச் சாறு பிழிந்து கொள்வது நல்ல வழக்கம். புளிப்பிலுள்ள சத்து இரும்பை உடலிற் சேர்க்கத் துணைசெய்கின்றது. எனினும் கீரை மாத்திரம் கர்ப்பகாலத் தேவையை நிறைவு செய்யாது. கிளினிக்கில் இலவசமாக வழங்கும் இரும்புக் குளிசைகளை விழுங்கத்தான் வேண்டும். அவற்றால் மலம் கறுக்கும். சிலருக்கு மலச்சிக்கலும் குமட்டலும் உண்டாகும். கறுத்த மலத்தைக் கண்டு அஞ்சி, குளிசைகளை யாருமறியாமல் கோடிப்புறத்தில் எறிந்துவிடும் தாய்மாரும் உளர். மலம் கறுப்பதில் தீங்கொன்றும் இல்லை. குமட்டினால் இரவு படுக்குமுன் விழுங்கலாம். கல்சியக் குளிசையை மாத்திரம் அதனோடு சேர்த்து விழுங்காமல் வேறொரு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். குளிசை ஒழுங்காக விழுங்கியும் இரத்தம் ஏறாவிடின், கொழுக்கிப் புழுவோ தலசீமியா என்னும் பரம்பரைக் குறையோ உண்டா என்று வைத்தியர் பார்ப்பார்.

அடுத்தது வீக்கமும் தலையிடியும். நாள் முழுவதும் நின்று வேலை செய்த கர்ப்பிணிக்கு மாலையில் பாதம் வீங்கும். இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வற்றும். இது எல்லாருக்கும் வருவதுதான். முகமும் கையும் திடீரென வீங்குதல், தணியாத தலையிடி, கண்முன்னே மின்னற்கீற்றுப் போலத் தோன்றுதல், வலது விலாவின் கீழே மேல்வயிற்றில் நோவு ஆகியவை எல்லாருக்கும் வருவன அல்ல. ஐந்தாம் மாதத்தின்பின் இரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் கழியும் நோயின் அறிகுறிகளாக அவை இருக்கலாம். முற்றினால் வலிப்பு வரும். அவ்வலிப்பைப் பேய்க் குற்றமென்று எண்ணி, வைத்தியரிடம் போகுமுன் மந்திரிப்பவரிடம் போன காலம் ஒன்றிருந்தது. கையிலிருந்த ஓரிரு மணி நேரமும் வேப்பிலையடிப்பதிலே கழிந்துபோகும். மக்னீசியம் சல்பேற் என்னும் மலிவான மருந்து இவ்வலிப்பு வரும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது என்பது, பல நாடுகளில் பதினாயிரம் பெண்களிடையே நடந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் உறுதியாயிற்று. மருந்து உண்டு, நோயாளி நேரத்துக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவே.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், தொடக்கத்தில் அது ஒரு குறியும் காட்டாது. கிளினிக்கில் கையிலே பட்டி கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும் வெறும் சடங்குகள் அல்ல. "உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்த மாதம் போகத் தேவையில்லை" என்று தங்கிவிடும் பெண் அந்த மாதத்தையே இழக்கிறாள்.

இரத்தம் காணுதலைப் பற்றி நாம் சுருக்கமாகவே சொல்லலாம்: கர்ப்பகாலத்தில் எந்த மாதத்திலும், எத்துணைச் சிறிதாயினும், அது உடனே சொல்லப்பட வேண்டியது. மாதவிடாய் தள்ளிப்போன சில வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடுநோவும் மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கக்கூடும். அங்கே மணித்தியாலங்களே கணக்கு. ஆனால் கரு கலைந்துபோன வீட்டில் நடக்கும் விசாரணையைப் பற்றிச் சிறிது விரித்துப் பேசவேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளினாயா, பேருந்தில் போனாயா, அன்னாசி தின்றாயா, யாருடைய கண் பட்டது? ஏற்கெனவே உடைந்த மனத்தை இக்கேள்விகள் மேலும் உடைக்கும். உறுதியான கர்ப்பங்களிலே நூற்றுக்குப் பத்துக்குக் குறையாதவை தொடக்க மாதங்களில் தாமாகவே கலைகின்றன. அவற்றிற் பாதியளவுக்குக் காரணம் கரு உருவாகும்போதே அதன் நிறமூர்த்தங்களில் நேர்ந்த பிழை. தாய் எதையும் செய்து அதை விளைவிக்கவில்லை. எதையும் செய்து தடுத்திருக்கவும் முடியாது. மாமிமாரும் மைத்துனிமாரும் இதனை அறிந்துகொள்வது மருமகளுக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாட்டைவிடப் பயன் தரும்.

இவற்றையெல்லாம் வெளியே சொல்வது வெட்கம் என்பார்க்கு ஒரு செய்தி. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நம்மவர்க்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியர், மகப்பேற்று வைத்திய நூலொன்றை 1857இலேயே தமிழில் வெளியிட்டார். பெண்ணின் உடலைப் பற்றிக் கண்ணியமாகப் பேசுவதற்குத் தமிழிற் சொல் இல்லையென்று எவரும் சொல்ல இயலாது. இணுவில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஏற்பட்டபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமந்தோறும் வீடுவீடாகச் செல்லும் முறை படிப்படியாக வளர்ந்தது. 1930களில் இந்நாட்டில் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்திருந்தது. பெரிய கட்டடங்களும் உயர்ந்த கருவிகளும் இதற்கு உதவின என்பது உண்மை. ஆயினும் வெயிலிலும் மழையிலும் படலையைத் திறந்து வந்து, "இரவு நித்திரை வருகிறதா? பிள்ளை துடிக்கிறதா?" என்று கேட்ட அந்த மருத்துவமாதுக்கே முதலிடம் கொடுக்க நாம் தயங்கோம். அவரிடம் வெட்கப்படுவது வீண்.

பிள்ளை துடிப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் மாதமளவில் அசைவு தெரியத் தொடங்கும். ஏழாம் மாதத்தின்பின் வழக்கமான அசைவு குறைந்துவிட்டதாகத் தாய்க்குத் தோன்றினால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "பிள்ளை உறங்குகிறது" என்று வீட்டார் சொல்வதை ஏற்றுக்கொள்ளக்கூடாது.

பிள்ளை பிறந்தபின் எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பார்கள். பெற்றவளைப் பார்ப்பவர் குறைவு. முதல் நாளில் மிகுந்த இரத்தப்போக்கும், முதல் வாரங்களில் குளிர்காய்ச்சலும், நாற்றமுடைய கழிவும், மார்பிற் கட்டிய பாலோடு வரும் காய்ச்சலும் கவனிக்கத்தக்கவை. கிறீன் வைத்தியர் இங்கு வந்த அதே 1847இல்தான், வைத்தியர்கள் கைகழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்பதை வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்பவர் கண்டுகாட்டினார். அன்று அவரை நம்பியோர் மிகச் சிலரே. துடக்கு என்று தாயை மூலை அறையில் ஒதுக்கிவைக்கும் வீடுகளில், அவ்வறைக்கு நாள்தோறும் யாராவது கழுவிய கையோடு சென்று அவள் உடம்பைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் காரணமின்றி அழுகின்றாள், பிள்ளையைத் தூக்க மனமில்லாமல் இருக்கின்றாள் என்றால் அதுவும் மருத்துவமாதிடம் சொல்லவேண்டிய நோயே.

கணவன்மார்க்கு ஒரு சொல். ஒன்பதாம் மாதம் பிறக்குமுன் இரவில் எந்த வாகனம் கிடைக்கும், இரத்தம் கொடுக்க யார் வருவர், மூத்த பிள்ளைகளை எவரிடம் விடுவது என்பவற்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வாகனம் கிடையாவிடின் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அவ்விலக்கத்தைக் கிளினிக் அட்டையின் மேலே எழுதி, வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.