வாலேஸ்வரன் என்றொரு பெயர்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 28-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் நலமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேர். திரும்பி வந்து ஆண்டவரின் காலில் விழுந்தவர் ஒருவர். அவர் சமாரியர் என்பதையும் லூக்கா குறித்து வைத்திருக்கிறார். யூதரும் சமாரியரும் பகையாய் இருந்த காலம் அது. நன்றி சொல்வதே பெரிய காரியம். பகை இனத்தவருக்கு நன்றி சொல்வது அதைவிடப் பெரிது. இதை நினைக்கும்போது நம் சீமை வக்கீல் ஒருவர் என் கண்முன் வருகிறார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் 1894-ல் பிளீடர் பரீட்சை தேறி, சொந்த ஊரிலேயே ஏழைகளுக்காக வாதாடினார். 1900-ல் தூத்துக்குடிக்குப் போனார். கப்பல் ஓட்டிய கதையைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

1908 மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். நாற்பது ஆண்டு! மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்கவேண்டிய செக்கை இவர் இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. எதிர்கொண்டு அழைக்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சென்னையில் மண்ணெண்ணெய் விற்றும் பிழைத்தார். திரும்பி வராத அந்த ஒன்பது பேரின் நினைவு எனக்கு இங்கே வருகிறது.

பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடி கோர்ட்டுப் படி ஏறினார். அந்த நன்றிக்கு வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கேட்பவர்களுக்கு அது ஈஸ்வரன் பெயர். உள்ளே வாலஸ் இருக்கிறார். வீட்டில் அந்தப் பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்கள்!

வெள்ளையர் ஆட்சியோடு அவர் சமாதானமாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் கண்மூடும் மட்டும் அவர் தேசபக்தர்தான். பின்ஹேயின் கணக்கை வாலஸ் தலையில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நாம் எழுதுகிறோம். வாய்க்கால் தண்ணீருக்கோ வரப்புக்கோ தகராறு வந்தால், எதிராளி வீட்டுக் கைக்குழந்தையும் எதிராளி. தகப்பன் போட்ட வழக்கை மகன் நடத்துகிறான். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்ததே, அன்று ராத்திரி யார் வீட்டு மாடியில் நின்றோம்? யார் அடுப்பில் கஞ்சி காய்ச்சினோம்? "அந்த வீடுதானே" என்று யாராவது நினைவுபடுத்தினால், "அது வேற, இது வேற" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இன்றைய மன்றாட்டு நேரத்தில் சிறிது மௌனம் இருக்கும். அந்த வீட்டுக்காரர் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். பூசை முடிந்து போகிற வழியில் அவர்கள் வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.